தேக்கு இலைப் பொடி

புங்கைக்குக் கொடுத்த நைட்ரஜன் பக்கத்து வேம்பின் இலையில் இருக்கிறது என்று அனுபமா சொன்ன நாளிலிருந்து ஜெயசுந்தரிக்குச் சோறு இறங்கவில்லை.

ஹப்சிகுடா ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக அவள் தேக்கோடு மாரடிக்கிறாள். மண்ணில் அம்மோனியமும் நைட்ரேட்டும் சேர்த்துப் போட்டாலும் அவளுடைய தேக்கு நைட்ரேட்டைத்தான் பொறுக்கித் தின்றது. மற்றதை அவ்வளவாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்டுபிடித்தது இதுதான். யாரும் கைதட்டவில்லை. அனுபமாவோ போன வருடம் திருநெல்வேலியிலிருந்து வந்தவள். வந்த கையோடு புங்கையைப் பிடித்தாள். அது வேர் முடிச்சில் பாக்டீரியாவைக் குடிவைத்துக்கொண்டு காற்றிலிருக்கும் நைட்ரஜனையே வாங்கிக்கொள்ளும் மரம். மரமும் மனுஷியும் ஒரே ரகம், உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் வந்து சேர்ந்துவிடும் என்று ஜெயசுந்தரி பொருமினாள்.

அந்தப் புங்கை தன் நைட்ரஜனில் வேம்புக்கும் பங்கு வைக்கிறதாம். பெங்களூர் கருத்தரங்கில் அனுபமாவே பேசட்டும் என்று துறைத்தலைவர் சுதர்சன் சொல்லிவிட்டார். வருடா வருடம் ஜெயசுந்தரி எதிர்பார்த்து ஏமாந்த மேடை அது.

லாலாகுடாவிலிருந்து வரும் பஸ்ஸில் உட்கார்ந்து அனுபமாவின் ஆய்வு முடிவில் ஓட்டை தேடினாள். தேடினால் கிடைக்காமலா போகும்.

மரம் தின்ற நைட்ரஜன் எங்கே போகிறது என்று தெரிவதற்காக, கொஞ்சம் எடை கூடிய நைட்ரஜனை அடையாளமாகக் கொடுப்பார்கள். அதைத் தின்ற மரத்தின் இலையை அரைக்கச் சிவப்பு டேப் ஒட்டிய மிஷின். மற்ற மரங்களுக்கு நீல டேப் ஒட்டியது. நீல மிஷினில் அடையாளப் பொடி ஒரு சிட்டிகை தங்கியிருந்தால் போதும், அடுத்து அரைக்கிற இலை பொய் சொல்லும்.

சுதர்சனின் அறைக்குப் போய் நின்றாள். "சார், வேம்புல இருந்தது நிஜமாவே புங்கையோட நைட்ரஜன்தானா? நீல மிஷின் அழுக்கா இருந்திருக்கலாம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருக்கலாம். யாரும்மா அழுக்காக்கியிருப்பா?"

வாயைத் திறந்தவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அனுபமா வேம்பை அரைத்ததற்கு முந்தின நாள் சிவப்பு மிஷின் மக்கர் பண்ணியது. பஸ் போய்விடும் என்ற அவசரத்தில், ஒரு தடவைதானே என்று அடையாளம் கொடுத்த தேக்கு இலையை நீல மிஷினில் போட்டு அரைத்தவள் ஜெயசுந்தரிதான். கழுவவில்லை, துணியால் துடைத்ததோடு சரி.

"க்யாகி சார், தெரியல," என்றாள்.

வேம்பின் புது இலையைப் பறித்து, நன்றாகக் கழுவிய மிஷினில் அரைத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புங்கையின் நைட்ரஜன் வேம்பில் துளிகூட இல்லை என்று முடிவு வந்தது.

"நல்ல கண்ணும்மா உனக்கு," என்றார் சுதர்சன். "பெங்களூர்ல நீ தேக்கைப் பத்திப் பேசிடு. உன் பேரைக் கொடுத்துரட்டுமா?"

நீல மிஷினில் தேக்கை அரைத்ததைச் சொல்ல அவளுக்கு அதுதான் சமயம். சொல்லவில்லை.

"ஹவ் சார், கொடுத்துருங்க," என்றாள்.

வெளியே வந்தபோது அனுபமா குழாயடியில் நீல மிஷினின் கிண்ணத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள், சண்டைக்கு வருவாள் என்றெல்லாம் எதிர்பார்த்து ஜெயசுந்தரி பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள்.

"பெரிய உபகாரம்க்கா," என்றாள் அனுபமா. "மேடையேறின பொறவு தெரிஞ்சிருந்தா மானம் போயிருக்கும்லா. அரைக்கதுக்கு முன்னால நான்தான் கழுவியிருக்கணும். சார்கிட்டயும் என் தப்புதான்னு சொல்லிட்டேன்."

"விடு, நக்கோ," என்றாள் ஜெயசுந்தரி.

தான் செய்யாத தப்பை இவளால் எப்படி இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது? கேட்ட மேடை கைக்கு வந்த பிறகும், புங்கையின் பெருமை மண்ணோடு போன பிறகும், ஜெயசுந்தரிக்கு வயிறு எரிந்தது. முன்னைவிடக் கூடுதலாகவே எரிந்தது.

அனுபமா கிண்ணத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.