துரை நிற்கிற இடங்கள்

மனைவி இருந்த காலத்தில் நாயை நடக்கக் கூட்டிப்போவது அவள் வேலை. திரும்பி வர ஏன் இவ்வளவு நேரம் என்று முணுமுணுப்பது அவர் வேலை. ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருட்டுக் குழிகளுக்குள் கிரீஸ் கையோடு நின்றவர் அவர். குடியிருப்புக்குப் பின்னால் இருந்த காட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவருக்கு விளங்கியதே இல்லை.

"நாயைக் கூட்டிட்டுப் போறியா, இல்ல அதுக்குப் பாடம் நடத்துறியா?"

"அதுதான் எனக்கு நடத்துது. நீங்களும் ஒருநாள் வந்து பாருங்களேன்."

"ரிட்டயர் ஆகட்டும்."

ஆனார். அதற்குள் அவள் போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஒரே ஒரு விஷயம் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும், "சர்ச்சுக்கு வர்றீங்களா?" என்று வாசலில் நின்று கேட்டவள், கடைசி சில வருடங்களில் கேட்பதை நிறுத்திவிட்டாள். அப்போது அது நிம்மதியாகத்தான் இருந்தது. இப்போது, காலியான வீட்டில், அது வேறு மாதிரி உறைத்தது. இந்த ஆள் தேற மாட்டான் என்று தன்னைக் கைகழுவிவிட்டாளோ?

நாய்க்குத் துரை என்று பட்டம் வைத்ததும் அவள்தான். யார் வந்தாலும் சோபாவை விட்டு எழுந்திருக்காது. சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிப் போன மறுநாள் காலையில் துரை கதவருகே வந்து அவரை ஏறிட்டுப் பார்த்தது. வேறு ஆளில்லை. அதன் கழுத்தில் வாரை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

காட்டுக்குள் கொஞ்ச தூரம் போனதும், விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்தருகே துரை உட்கார்ந்துவிட்டது. இழுத்தார். அதட்டினார். கெஞ்சினார். அசையவில்லை. தனக்குத் தோன்றியபோது எழுந்து நடந்தது. ஓடைத் திருப்பத்தில் மறுபடியும். பிறகு ஒரு தட்டைப் பாறை. பிறகு மேட்டின் உச்சி. தினமும் அதே இடங்கள்.

நாய் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்.

"நடுவுல நடுவுல நின்னுடுது டாக்டர். கால்ல பேரிங் தேஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்."

டாக்டரம்மா நாலு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தாள். "இதோட பேரிங் நல்லாத்தான் இருக்கு. உங்க முட்டியைத்தான் யார்கிட்டயாவது காட்டணும். உள்ள வரும்போதே சத்தம் கேட்டுது."

அதோடு விட்டுவிட்டார். துரை நின்றால் அவரும் நின்றார். நிற்கிறவருக்கு வேறென்ன வேலை? பார்த்தார். விழுந்த மரத்தின் பட்டையில் காளான் தட்டுத்தட்டாக முளைத்திருந்தது. ஓடைத் திருப்பத்தில் ஒரு மீன்கொத்தி, தண்ணீருக்கு மேல் வளைந்த கிளையில், அவரைவிடப் பொறுமையாகக் காத்திருந்தது. மழை பெய்த மறுநாள், ஈர இலைகளின் வாசனை மூக்கில் ஏறியதும் திடுக்கிட்டார். அவளுடைய சால்வையின் வாசனை அது. தட்டைப் பாறையில் உட்கார்ந்து, அடக்கத்தன்று வராத அழுகையையெல்லாம் அழுதார். துரை அவசரப்படுத்தவில்லை. வீட்டில் நாற்காலிக்கு நாற்காலி மாறி உட்கார்ந்தும் அடங்காத மனசு, அங்கே கொஞ்சம் அடங்கியது.

இலைகள் உதிர்ந்து மறுபடி துளிர்த்திருந்த ஒரு காலையில், சர்ச்சில் ஆர்கன் வாசிக்கும் அம்மா எதிரே வந்தாள். மனைவியின் தோழி.

"துரை இன்னும் நிக்குதா, அண்ணா?" சிரித்தபடியே கேட்டவளுக்குக் கண் கலங்கியது.

"நிக்குதே! டாக்டர்கிட்டகூடக் காட்டிட்டேன்."

"அதுக்கு நோயெல்லாம் இல்ல. பழக்கம். இதெல்லாம் அக்கா நின்னு ஜெபம் பண்ற இடம். நான் கூட வந்தப்ப பாத்திருக்கேன். விழுந்த மரத்துகிட்ட அவங்க தம்பிக்கு. குடிச்சிட்டு விழுந்து கிடக்கறவனுக்குப் பொருத்தமான இடம்னு சொல்லிச் சிரிப்பாங்க. ஓடைகிட்ட உங்க பொண்ணுக்கு. பாறைகிட்ட மாடியில படுத்த படுக்கையா இருக்காரே, அந்தப் பெரியவருக்கு. மேட்டுல ஊர் உலகத்துக்கெல்லாம்."

தம்பி, மகள், மாடிவீட்டுக் கிழவர், ஊர் உலகம். மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கேட்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தார். வாய் கேட்டுவிட்டது.

"எனக்கு எது?"

"உங்களுக்கா? உங்களுக்குன்னு அவங்க எங்கயும் நின்னதில்லையே."

அவர் குனிந்து, சரியாகத்தான் இருந்த துரையின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்.

"அட, முழுசாக் கேளுங்கண்ணா. நிக்கறதுதான் மத்தவங்களுக்கு. நடக்கறதெல்லாம் உங்களுக்கு. வீட்டு வாசல்ல இருந்து அந்த மரம் வரைக்கும், அங்கிருந்து ஓடை வரைக்கும், திரும்பிப் போற வழி முழுக்க. நான் ஏதாவது பேச்சுக் கொடுத்தா, 'இரும்மா, இவரை முடிச்சுட்டு வர்றேன்'னுவாங்க. முடிஞ்சதே இல்ல."

"அப்ப என்னைக் கூப்பிடறதை ஏன் நிறுத்தினா?"

"அதையும் கேட்டேன். 'எங்க வீட்டுக்காரருக்கு லிஃப்ட் சத்தத்துல காது மந்தம். ஆண்டவருக்குக் காது நல்லாக் கேக்கும், அவர்கிட்டயே சொல்லிக்கறேன்'னாங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆர்கன் வாசிக்கும் அம்மா துரையின் தலையைத் தடவிவிட்டு, மெதுவாகக் கடந்து போனாள்.

காலடியில் பாதை நீண்டு கிடந்தது. வேரும் சரளையும் போன மழையின் சேறுமாக. இத்தனை நாள் அதன்மேல்தான் நடந்திருக்கிறார். கூச்சமாக இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார்.

"இயேசுவே, எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. அவ சொல்லிக்கிட்டே இருந்த ஆளு நான்தான். வந்திருக்கேன்."

வானம் பிளக்கவில்லை. மேலே இலைகள் காற்றில் சலசலத்து ஓய்ந்தன. லிஃப்ட் பெட்டி தளத்தோடு சரியாக வந்து பொருந்தும்போது காலுக்கடியில் ஒரு சின்ன அசைவு வரும். அதன்பிறகு ஆட்டமிருக்காது. கதவைத் தைரியமாகத் திறக்கலாம். நெஞ்சுக்குள் அப்படித்தான் இருந்தது.

திரும்பும் வழியில், பேர் தெரியாத ஒரு செடி வெள்ளையாகப் பூத்திருந்த இடத்தில் அவர் நின்றார். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. அது நிற்கிற இடம் இல்லை அது. வீட்டுப் பக்கம் வாரை இழுத்தது.

"கொஞ்சம் இருடா. அவளைக் கொடுத்ததுக்கு நான் இன்னும் நன்றி சொல்லல."

துரை அவரையும் செடியையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, ஈரத் தரையில் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தது.