அழித்துவிட்டுத் திற

எந்தக் கட்டளையையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கிரீஷ் எண்டரைத் தட்டுவான். அன்று மாலையும் படித்தான். பிறகு அவனைக் குடைந்தது அதுதான்.

மடிக்கணினி அக்கா ஸ்ரீவித்யாவுடையது. தாம்பரத்தில் அவன் மாலை வகுப்பில் சேர்ந்தபோது, தன் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுக்கொள்ள அவள் சம்மதித்திருந்தாள். தன்னுடைய எதையும் தொடக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. வகுப்பில் காட்ட வேண்டிய பயிற்சிக் கோப்பு விண்டோஸ் இருந்த டிரைவில் மாட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸிலிருந்து அந்த டிரைவைத் திறக்கப் பார்த்தான். மவுண்ட் ஆகாமல், திறக்க மறுத்தது.

வட்டில் பழுது ஏதும் இல்லை. காரணத்தைத் திரையே சொன்னது: விண்டோஸ் ஹைபர்நேட்டில் இருக்கிறது. அதாவது அக்கா அதை அணைக்கவில்லை; திறந்தது திறந்தபடி, எழுதியது எழுதியபடி தூங்கவைத்திருக்கிறாள். விண்டோஸை எழுப்பி முறையாக அணைத்துவிட்டு வா, இல்லையென்றால் ரீட் ஒன்லியாக, அதாவது படிக்க மட்டும், திற என்றது செய்தி. எழுப்பி அணைப்பதற்குள் பெருங்களத்தூரில் பஸ் போய்விடும். படிக்க மட்டும் திறப்பதோ அரைகுறை வேலையாகப் பட்டது. டிரைவைச் சரிசெய்துவிட்டேன் என்று வகுப்பில் சொல்லிக்கொள்ள முடியாதே.

இணையத்தில் இன்னொரு வழி கிடைத்தது. தூங்கவைத்ததை அழித்துவிட்டுத் திறப்பது. சேமிக்காத வேலை எல்லாம் போய்விடும் என்று கீழே எச்சரிக்கை இருந்தது. அக்கா பள்ளிக்கூட டீச்சர்தானே, சேமிக்காமலா வைத்திருப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எண்டரைத் தட்டினான். டிரைவ் சமர்த்தாகத் திறந்துகொண்டது. கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, மடிக்கணினியை அணைக்கக்கூட நிற்காமல் ஓடினான்.

வகுப்பில் பக்கத்து இருக்கை ஜெரோமிடம் நடந்ததைப் பெருமையாகச் சொன்னான்.

"இன்னா மச்சான் நீ. ஒரு ஃபைல எடுக்கணும், அவ்ளோதானே? ரீட் ஒன்லில தொறந்து எடுத்துகினு வந்திருக்கலாம். கதவு தொறக்கலன்னு செவுத்த இடிச்சிட்டு வந்து நிக்கிற."

"டிரைவுக்கு ஒண்ணும் ஆகலடா."

"டிரைவுக்கு இன்னா ஆவும்? உள்ள யாரு வேல பாத்துகினு இருந்தா, அத்த சொல்லு."

அதன் பிறகு பாடம் அவன் காதில் ஏறவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவின் குரல் கேட்டது.

"சார்ஜரைப் பிடுங்காதேன்னு எத்தனை தடவைம்மா சொல்றது? நான் வந்து பாத்தா லாப்டாப் செத்துக் கிடக்கு. போட்டா ஒண்ணுமே இல்ல. நாளைக்குக் காலைல ரிஹர்சல். பசங்ககிட்ட எதைக் குடுப்பேன்?"

பள்ளி ஆண்டு விழா நாடகம். முதல் முறையாக அவளை நம்பி எழுதக் கொடுத்திருந்தார்கள். முடித்த பிறகு நல்ல பெயராக வைத்துச் சேமிக்கலாம் என்று ஞாயிறு முழுக்க எழுதியதை அப்படியே விட்டிருந்தாள்.

"கிரைண்டர் போடணும்னு பிடுங்கினேன். இவ்வளவு ஆகும்னு தெரியலடி, தப்புதான்" என்றாள் அம்மா.

பேட்டரி தீர்ந்தாலும் தூங்கவைத்தது வட்டில் பத்திரமாக இருக்கும். அந்த வீட்டில் அது தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஆனால் அம்மா கரண்டியைக்கூடச் சத்தம் வராமல் சமையல் மேடையில் வைத்தாள். அவனுக்கு அது தாங்கவில்லை.

"அக்கா, பேட்டரி செத்தா அது போகாது. நான்தான் அழிச்சேன்."

"எதை?"

"நீ தூங்க வெச்சிருந்ததை. என் ஃபைலை எடுக்கறதுக்காக."

"தெரியாமத்தானே?"

ஆமாம் என்று சொல்ல அவளே வழிவிட்டாள்.

"இல்ல. போயிடும்னு போட்டிருந்தது. படிச்சேன்."

ஸ்ரீவித்யா அவனையே பார்த்தாள். அம்மாதான் முதலில் பேசினாள்.

"அப்ப என்னை ஏண்டி இவ்வளவு நேரம் வறுத்தெடுத்தே?"

"அவனுக்குச் சேரவேண்டியதும் உனக்கே வந்துடுச்சும்மா. விடு." சிரிக்காமல் சொல்லிவிட்டு, மடிக்கணினியைத் தம்பி பக்கம் தள்ளினாள். "உக்காரு. நான் சொல்றேன், நீ அடி. இப்ப பஸ் ஒண்ணும் இல்லையே உனக்கு?"

அடித்தான். ஒவ்வொரு வரிக்கும் சேமித்தான். வீடு கட்ட வருகிறவர்களோடு ஓர் ஏரி பேசுகிற நாடகம் அது. முதல் காட்சி மளமளவென்று வந்தது. இரண்டாவதில் அக்கா நின்றுவிட்டாள்.

"லாரி மண்ணைக் கொட்டினதும் ஏரி ஒண்ணு சொல்லும். எழுதினப்ப எனக்கே சிலிர்த்துச்சு."

கண்ணை மூடி உதட்டை அசைத்துப் பார்த்தாள். விசைகளின் மேல் விரல்களை வைத்தபடி அவன் காத்திருந்தான்.

"எதைப் பத்தின்னாவது சொல்லுக்கா, நான் வேணா..."

"நீ சும்மா இரு."

சமையலறையில் அம்மா குழாயை மூடினாள். அக்கா கண்ணைத் திறந்தாள்.

"வரல. ஏரி ஒண்ணும் சொல்லலன்னு போட்டுடு."

ஏரி ஒன்றும் சொல்லவில்லை என்று கிரீஷ் அடித்தான். சேமித்தான். அவள் அடுத்த காட்சிக்குப் போய்விட்டாள்.