சுண்டுவிரல் அளவு

மன்னார்க் கடலில் பாரை பிடித்த கை என்ற மிதப்பில், புலம்பெயர்ந்து வந்த கூசேன்வில் பக்கத்துக் குளத்துக்கும் றொஜர் தூண்டிலில் கொழுவ உள்ளங்கை நீளப் பிளாஸ்டிக் பொய்மீனையே கொண்டுவந்திருந்தான். மூன்று ஞாயிறு எறிந்தும் ஒரு பிளக்பாஸ் மீன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இஞ்சேருங்கோ, சின்னனாய்ப் போட்டுப் பாருங்கோவன்," என்றாள் மனைவி பியட்றிஸ்.

"பெரிய மீனுக்குப் பெரிய இரைதான். உமக்கென்ன தெரியும்?"

"லா சப்பல் மீன்கடையிலை பத்து வருசமா மீன் வயிறு கிழிக்கிறன். அதுகள் என்னத்தைத் திண்டதெண்டு எனக்குத் தெரியாதே?"

கரையோரம் துள்ளிய மீன்குஞ்சுகளை உற்றுப் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து சுண்டுவிரல் அளவுப் பொய்மீன் ஒன்றை எடுத்து நீட்டினாள். றொஜர் வேண்டாவெறுப்பாக எறிந்தான். நூல் சுருளை நாலு சுற்றுச் சுற்றியிருக்க மாட்டான், குளமே வாய் திறந்ததுபோல் தண்ணீர் பிளந்தது. தடி வில்லாய் வளைந்தது. கரைசேர்த்த மீனின் வாய்க்குள் அவன் முஷ்டியே போகும்.

தூண்டில் முள்ளைக் கழற்றும்போது மீன் ஒரு குஞ்சைக் கக்கியது. றொஜர் அதைப் பொய்மீனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மயிரளவு வித்தியாசமில்லை.

மீனைத் தண்ணீரில் விட்டான். பிறகு பெட்டியைத் தூக்கி அவள் மடியில் வைத்தான்.

"இனி நீரே எடுத்துத் தாரும்."