கம்பெனி கேஸ்கட்

இன்ஜினியர் சக்ரபாணி சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, அதனடியில் கசிவடைக்க வைத்திருந்த கேஸ்கட் வளையத்தை இரண்டு விரலால் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். செம்பு. பக்கத்தில் நின்ற ரூஃபஸ் தன் கையால் வெட்டியது அது.

"இது நம்ம கம்பெனி சாமான் இல்லையே" என்றார் சக்ரபாணி.

சிகந்திராபாத் ஷோரூமின் பின்கட்டு. ரூஃபஸ் பதிவு செய்து ஆறு வருஷம் காத்திருந்து வாங்கிய ஸ்கூட்டர், ஐந்தாம் மாதம் போலாரம் ரோட்டில் எஞ்சின் இறுகி நின்றுபோனது. வாரண்டி ஆறு மாதம்; வெளியே யாராவது எஞ்சினைத் திறந்திருந்தால் அதுவும் கிடையாது. கம்பெனி இன்ஜினியர் மெட்ராஸிலிருந்து மாதம் ஒருமுறைதான் வருவார். புது எஞ்சின் மூலையில் மரப்பெட்டியில் இருந்தது. எஞ்சின் மாறினால் நம்பர் மாறும், ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றாவிட்டால் நாளைக்குப் போலீஸ்காரன் நிறுத்தும்போது அது திருட்டு வண்டி. பழைய எஞ்சின் கம்பெனிக்குப் போய்விடும். எல்லாம் விசாரித்து வைத்திருந்தார் ரூஃபஸ். வண்டி வெளியே எங்கும் திறக்கப்படவில்லை என்ற படிவத்திலும் காலையிலேயே கையெழுத்துப் போட்டிருந்தார்.

காகிதங்கள் மனைவி கனகமணியின் மடியில் இருந்தன. சுவரோர பெஞ்சில் கைத்தடியைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். போன வருஷம் பஸ் படியிலிருந்து விழுந்ததில் அவள் இடுப்பில் பிளேட் வைத்திருக்கிறது. இனி பஸ் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெட்டுகுடாவிலிருந்து போலாரத்துப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ். ஸ்கூட்டர் வந்த பிறகுதான் மறுபடி பாடம் எடுக்கப் போனாள். வண்டி நின்ற மூன்று வாரமாக லீவு. ஈஸ்டருக்குப் பிறகு வேறு டீச்சர் போடப்போவதாக ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லி அனுப்பியிருந்தார்.

ரூஃபஸ் ரயில்வே பட்டறையில் இருபத்திரண்டு வருஷ ஃபிட்டர். மூன்றாம் மாதமே எஞ்சினுக்குள் ஒரு சத்தம் அவர் காதில் விழுந்தது. சர்வீஸுக்கு விட்டபோது, "ஓட ஓட சரியாயிடும் அண்ணே" என்றார் ஷோரூம் மெக்கானிக் அப்துல் ரஹீம். ஆகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் குவார்ட்டர்ஸ் பின்புறம் பழைய பெட்ஷீட்டை விரித்தார்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து செய்யுத வேலையா இது?" என்றாள் கனகமணி.

"சும்மா இரி. பாத்துட்டு மூடிருவேன்."

கிராங்க் பேரிங்கில் ஆட்டம் இருந்தது. பிறவிக் கோளாறு, கம்பெனியின் தப்பு; ஆனால் திறந்து பார்த்தேன் என்று போய்ச் சொல்ல முடியாது. மூடுவதற்குப் புது கேஸ்கட் வேண்டும். மறுநாள் கடையில் கம்பெனி கேஸ்கட் கிடைத்தது. கையில் வாங்கிப் பார்த்தார். ஓரம் மொண்ணையாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, செப்புத் தகட்டைத் தணலில் காய்ச்சித் தானே வெட்டிப் போட்டார். அந்த மொண்ணையைப் போட்டு மூடியிருந்தால் இன்று யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

சக்ரபாணி இப்போது பின்னால் நின்ற ரஹீமின் பக்கம் திரும்பினார். "மூணு சர்வீஸுக்கும் உன் கையெழுத்து. வெளிய தொறக்கலைன்னு சார் எழுதிக் குடுத்திருக்கார். கம்பெனி பிஸ்டனையும் மாத்தி வித்துட்டியா, பாய்?"

"அல்லா சத்தியமா நான் கை வெக்கல சார்."

"பின்ன, ஜின்னு வந்து தொறந்துச்சா?"

ரஹீம் ரூஃபஸைப் பார்த்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அன்றே அவர் கேட்டிருந்தார்: "ரயில்வேக்காரர் சும்மா இருப்பீங்களா? தொறந்தீங்களா அண்ணே?" "இல்ல பாய்" என்றிருந்தார் ரூஃபஸ். அதை ரஹீம் இப்போது சொல்லலாம். சொல்லாமல் கழிவுப் பஞ்சால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நீங்க கவலைப்படாதீங்க சார்" என்றார் சக்ரபாணி ரூஃபஸிடம். "எங்க ஆள் செஞ்ச தப்புக்கு உங்க வாரண்டி போகாது. சாயங்காலம் புது எஞ்சினோட போகலாம். இவனை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்."

பேசாமல் நின்றால் போதும். ரூஃபஸ் கனகமணியைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அவள் ஃபைலின் நாடாவை அவிழ்த்தாள், கட்டினாள்.

"நாந்தான் தொறந்தேன்" என்றார்.

சக்ரபாணி சிரித்தார். "பாய் மேல பாவப்பட்டுப் பேசறீங்க. காலையில தொறக்கலைன்னீங்க, இப்ப தொறந்தேங்கறீங்க. எதை நம்பறது?"

"அந்த கேஸ்கட் நான் வெட்டுனது."

"இதையா?" அவர் அதை மறுபடி திருப்பிப் பார்த்தார். "சரி, வெட்டிக் காட்டுங்க. இதே மாதிரி வந்தா நீங்க சொல்றது நெசம். புது எஞ்சின் பெட்டியைப் பிரிக்காமத் திருப்பி அனுப்பிடறேன். வரலைன்னா பாய் வீட்டுக்குப் போகட்டும்."

ரஹீம் பழைய ஆயில் டின்னிலிருந்து ஒரு தகட்டை அறுத்துக் கொண்டுவந்தார். கத்தரி, டிவைடர். ரூஃபஸ் செப்பு கேஸ்கட்டை அதன் மேலே வைத்து ஆணியால் கோடு இழுத்தார். உள்வட்டத்தை வெட்டி எடுத்தார். வெளிவட்டத்தைத் தொடங்கினார். கத்தரி கோட்டை விட்டு விலகாமல் போனது. தகடு சுருண்டு அவர் மணிக்கட்டில் விழுந்துகொண்டே வந்தது. கனகமணி எழுந்து, தடி ஊன்றும் சத்தத்தோடு வந்து பட்டறை மேஜையருகே நின்றாள்.

முக்கால்வாசி முடிந்தபோது கத்தரி நின்றது. ஒரு நெல்லளவு விலகினால் போதும், புது எஞ்சின் கிடைத்துவிடும். கை தவறியது என்று சொல்லலாம், யாரும் மறுக்கப்போவதில்லை.

"தகடு ஆடுதா அண்ணே? நான் புடிச்சிக்கறேன்" என்றார் ரஹீம். பதிலுக்குக் காத்திராமல், கத்தரி போகவேண்டிய கோட்டை ஒட்டித் தன் இரண்டு விரல்களையும் அழுத்தி வைத்தார்.

ரூஃபஸ் கத்தரியைத் திறந்து, கோட்டின் மேலேயே வைத்தார்.