பாதிக் குரல்

வெண்கலம் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது பழைய பாட்டுக் குழுவின் டிரம்ஸ்காரர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற தொண்டை. இருபத்தாறு வயதில், விட்டுவிட்டுப் போன ஒரு காதலனைத் திட்டி, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடினாள். ‘போறவங்க போகட்டும், வாசல் என்னோடது’ என்ற அந்தப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஓடியது. அதற்குப் பிறகு எழுதியவற்றை ஒருவரும் சீண்டவில்லை. ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் அவள் போனை எடுப்பதையே விட்டார்கள். அதற்காக மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆளா அவள்? பாட்டு நாடகங்களில் சேர்ந்தாள். முதலில் கும்பலில் ஒருத்தி, பிறகு பக்கத்து வீட்டுக்காரி, பிறகு அத்தை. இப்போது ஐம்பத்தொரு வயதில் அம்மா. நடுநடுவே பாட்டு எழுதுவதையும் நிறுத்தவில்லை.

இந்தப் புது நாடகத்தில் அவளுடைய அந்தப் பழைய பாட்டையே சேர்த்திருந்தார்கள். மகன் வீட்டை விட்டுப் போன பிறகு, அம்மா காலி அறையில் நின்று பாட வேண்டும். கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து, மேடையில், தன் பாட்டு, தன் குரல்.

வினை வந்தது விளக்கு ஒத்திகையில். அன்று நாள் முழுக்க ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி நிறுத்தி விளக்கைச் சரி பார்ப்பார்கள். அப்போது யாரும் தொண்டை திறந்து பாடுவதில்லை. மறுநாள் அரங்கேற்றத்துக்குக் குரல் வேண்டுமே! சுருதியை இறக்கி, முணுமுணுப்பாகப் பாதிக் குரலில் பாடிவிட்டுப் போவார்கள். மேடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி இது. அவளும் அப்படித்தான் பாடினாள். ஆனால் அன்றைக்கென்று தயாரிப்பாளர் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அடுக்குமாடி கட்டி விற்கிற மனுஷர், நாடகத்துக்குப் புதுசு.

“அந்தம்மாவுக்குக் குரல் போயிடுச்சா?” என்று இசை நடத்துனரைக் கேட்டார்.

“இல்ல சார், அது பாதிக் குரல்.”

“முழுசா இருந்தா எதுக்குய்யா பாதி?”

நடத்துனர் நல்ல வயலின்காரர்தான், முதுகெலும்புதான் கொஞ்சம் கம்மி. தலையைச் சொறிந்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

சாயங்காலத்துக்குள் தயாரிப்பாளர் முடிவு சொல்லிவிட்டார். பழைய ரெக்கார்டிங் ஓடும், அவள் வாயசைத்தால் போதும். அந்த ரெக்கார்டிங், பாட்டை அப்போது வெளியிட்ட கம்பெனியின் சொத்து; கம்பெனியும் சம்மதம் கொடுத்தாகிவிட்டது.

“என் தொண்டையை எனக்கே வாடகைக்கு விடுறீங்களா?” என்றாள் அவள்.

“ஜனங்களுக்கு ஞாபகம் இருக்கிறது அந்தக் குரல்தாம்மா. சரி, இப்ப ஒரு தடவை முழுசா பாடிக் காட்டுங்க, பார்ப்போம்.”

“சாம்பிள் காட்ட நான் என்ன துணிக்கடையா நடத்துறேன்?”

நடத்துனர் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். “அக்கா, ஒரே ஒரு தடவை பாடிடுங்க. பிரச்சனை முடிஞ்சுடும்.”

“நீ வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல திறந்திருந்தா பிரச்சனையே வந்திருக்காதுப்பா” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வறட்டுப் பிடிவாதம்தான். பாடிக் காட்டியிருக்கலாம். ஆனால் இவ்வளவு காலம் பாடியவள் ஒரு கட்டடக்காரரிடம் பரீட்சை எழுதுவதா? அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் கணவர் பல் டாக்டர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வாயைத் திறங்கன்னு சொல்றதுதான் என் பொழப்பு. உன்னை மூடிக்கோன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?”

“வேலை போயிடும்ங்க.”

“போனா?”

இந்த வயதில் இன்னொரு நல்ல வேஷம் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று இருவருக்கும் தெரியும்.

அரங்கேற்றத்தன்று அரங்கம் நிறைந்திருந்தது. அந்தக் காட்சியில், “சரி, விளக்கை அணைச்சுடறேன்” என்று அம்மா சொல்வாள். அந்த வசனம் காதில் விழுந்ததும் ஒலிக்காரர் பட்டனைத் தட்டுவார். வாத்தியமும் ரெக்கார்டிங்கிலேயே இருப்பதால், மேடைக்குக் கீழே இருக்கிற எட்டு வாத்தியக்காரர்களும் பாட்டு முடியும்வரை கைகட்டி உட்கார வேண்டியதுதான்.

அவள் காலி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மகன் விட்டுப் போன செருப்பை ஓரமாக நகர்த்தினாள். வசனத்தைச் சொல்லவில்லை. நேராகப் பாட ஆரம்பித்தாள், ரெக்கார்டிங்கைவிட இரண்டு கட்டை கீழே, ரொம்ப மெதுவாக. இப்போது பட்டனைத் தட்டினால் இரண்டு குரலும் அடித்துக்கொள்ளும். ஒலிக்காரர் விரலை எடுத்துவிட்டார்.

முதல் இரண்டு வரியும் வாத்தியமே இல்லாமல் போயின. கீழே நடத்துனர் ஒரு தடவை தயாரிப்பாளர் இருந்த பக்கம் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். கையைத் தூக்கினார். எட்டு பேரும் அவள் சுருதிக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மேலே ஏறுகிற இடத்தில், ‘போகட்டும்’ என்ற சொல்லில், குரல் உடைந்தது. கண்ணாடி மாதிரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. அப்படியே நின்று மூச்சை இழுத்தாள். நடத்துனரின் கை அந்தரத்தில் காத்திருந்தது. அவள் அதே சொல்லை மறுபடி எடுத்து, முழுத் தொண்டையில், கடைசி வரிசைச் சுவரில் போய் மோதுகிற மாதிரி பாடி முடித்தாள். கைதட்டல் நிற்க நேரமாயிற்று. அது பாட்டுக்கா, உடைந்ததற்கா என்று அவளுக்குப் புரியவில்லை.

நாடகம் முடிந்ததும் தயாரிப்பாளர் ஒப்பனை அறைக்குள் விறுவிறுவென்று வந்தார்.

“யாரைக் கேட்டு பாடினீங்க? நடுவுல குரல் உடைஞ்சுதே, பார்த்தீங்களா? ரெக்கார்டிங்ல உடையாதும்மா!”

அவள் தலையிலிருந்த டோப்பாவைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

“எப்படி உடையும் சார்? அப்ப போனவன் யாரோ ஒரு பய. போடான்னு பாடினேன். இன்னிக்குப் போனது புள்ள. உடையத்தான் செய்யும். நாளைக்கும் உடையும், நாளைக்கும் நான்தான் பாடுவேன். வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க, போயிடறேன்.”

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெளியே கூட்டம் இன்னும் கலையாமல் ‘போறவங்க போகட்டும்’ வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருவருக்குமே அது கேட்டது.

“சொல்ல ஒண்ணும் இல்லையா? அப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க. நான் உடுப்பு மாத்தணும்.”