உள்ளே எத்தனை பேர்?

லிஃப்ட் மெக்கானிக்கிடம் இரண்டு விஷயங்கள் சேர்ந்து கிடந்தன. ஒன்று, எடுக்காத லீவு. இன்னொன்று, வாங்கி வைத்து விளையாடாத வீடியோ கேம்கள். பதினான்கு நாள் லீவை இந்த மாதத்துக்குள் எடுக்காவிட்டால் போயே போய்விடும் என்று கம்பெனி சொன்ன அன்றைக்கே மனைவியும் சொல்லிவிட்டாள்.

"இருக்கறதயே நீங்க தொட்டுப் பாக்கல. அத்தனையும் விளையாடி முடிக்கிற வரைக்கும் புதுசா ஒண்ணு இந்த வீட்டுக்குள்ள நுழையக் கூடாது."

எண்ணிப் பார்த்தால் நூற்று அறுபத்து மூன்று. தள்ளுபடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாரிப் போட்டுக்கொண்டதன் பலன். மெக்கானிக் ஒரு திட்டம் வைத்துக்கொண்டார். கேமுக்கு அரை மணி நேரம். பிடித்தால் இருக்கட்டும், பிடிக்காவிட்டால் அழித்துவிடுவது.

முதலில் ராஜாவாகி நாட்டை ஆளும் கேம். ராஜாவுக்கு மீசை தேர்ந்தெடுப்பதிலேயே இருபத்தெட்டு நிமிடம் போய்விட்டது. மீதி இரண்டு நிமிடத்தில் பக்கத்து நாட்டான் வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டான். அடுத்தது தோட்டம் போடும் கேம். பூசணிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றியது போதவில்லை என்று பூசணி கோபித்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டது. மூன்றாவது, பேய் பங்களா. அங்கே ஒரு லிஃப்ட் இருந்தது. பேய் பாட்டுக்குக் கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருக்க, இவர் லிஃப்டையே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"எதிர் எடையே இல்லாம இது எப்படி மேல போகுது? பேயக்கூட நம்பிடலாம், இத நம்ப முடியல" என்று அதையும் அழித்தார்.

நான்காம் நாள் அகப்பட்டதுதான் அந்தக் கேம். லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கேம். இதை எப்போது வாங்கினோம் என்று அவருக்கே நினைவில்லை. இருபத்திரண்டு வருடமாகச் செய்யும் வேலையை லீவு போட்டு உட்கார்ந்து செய்வதா என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். திரையில் ஒரு லிஃப்ட் பாதியில் நின்றது. பிரேக்கைப் பார்த்தார், கதவுப் பூட்டைப் பார்த்தார், ஒன்றரை நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். திரையில் எழுத்து வந்தது: ‘நீங்கள் இந்தப் பணிக்குத் தகுதியற்றவர்.’

மறுபடி செய்தார். தகுதியற்றவர். இன்னும் வேகமாகச் செய்தார். தகுதியற்றவர். ஒன்பதாவது தடவை அவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

சோபாவின் மறுகோடியில் மாமியார் உட்கார்ந்திருந்தார். ஒரு பெரிய மருத்துவமனையில் முப்பத்தொரு வருடம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இப்படிக் குடுங்க மாப்ளே, நானும் ஒரு தடவ பாக்கறேன்."

"இது உங்களுக்குப் புரியாது அத்தை. டெக்னிக்கல்."

"புரியாட்டி திருப்பித் தரப்போறேன். கடிச்சா தின்னப்போறேன்?"

வாங்கியவர், ஸ்குரூ டிரைவர் படம் போட்ட பொத்தானைத் தொடவே இல்லை. ஓரத்தில், வாய் மாதிரி ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினார். ‘உள்ளே யார்?’ என்று கேட்கலாமா என்றது கேம். கேட்டார். எத்தனை பேர், எங்கே போகவேண்டும், வீட்டில் யாருக்காவது தகவல் சொல்லவேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். உள்ளே இருந்தவன் முதலில் அழுதான். பிறகு தன் சின்ன வயது ஊஞ்சலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். நாற்பது நிமிடம். ரிப்பேர் என்னவோ அப்படியேதான் இருந்தது. கடைசியில் யாரோ வேறொரு மெக்கானிக் வந்து லிஃப்டை இறக்கினான். திரை முழுக்கப் பூவாகக் கொட்டி, மாமியாருக்குப் பதவி உயர்வு கொடுத்தது.

இரண்டே நாளில் மாமியார் சீஃப் எஞ்சினியர் ஆகிவிட்டார். ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல்.

மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. கேமைச் செய்தவர்களுக்கு, அதில் உள்ள தொழில்நுட்பப் பிழைகள் பதினேழைப் பட்டியல் போட்டு இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினார். பதில் ஒரே வரியில் வந்தது: ‘உங்கள் வருத்தம் புரிகிறது. இப்போது நீங்கள் தனியாக இருக்கிறீர்களா?’

இதற்கு நடுவே, சனிக்கிழமை மதியம், அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டே மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். படிக்கட்டில் செருப்பு வைக்காதே, வராந்தாவில் சைக்கிள் வைக்காதே என்று ஓயாமல் நோட்டீஸ் ஒட்டுகிறவர். அதனால் யாரும் அவரோடு முகம்கொடுத்துப் பேசுவதில்லை. எதிர்வீட்டுத் தையல்காரர்தான் கதவைத் தட்டினார். மெக்கானிக் டூல் பாக்ஸோடு வெளியே வந்தார்.

"நீங்க இருங்க சார். அம்மா இல்லையா?"

"எந்த அம்மா?"

"அதான், சீஃப் எஞ்சினியர்."

"யோவ், இந்த லிஃப்ட மாட்டினதே நான்தான்யா!"

"இல்லன்னு சொல்லல சார். ஆனா நீங்க ஒன்பது தடவ ஃபெயில்னு அம்மாதான் சொன்னாங்க..."

பேச்சை வளர்க்காமல் மெக்கானிக் மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஏறினார். மாமியார் ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி நான்காம் மாடி லிஃப்ட் கதவருகே போட்டு உட்கார்ந்துகொண்டார். பதினோரு நிமிடத்தில் கோளாறைச் சரிசெய்து, லிஃப்டைத் தளத்துக்கு நேராகக் கொண்டுவந்து, மெக்கானிக் கீழே வந்து கதவைத் திறந்தார். உள்ளே செயலாளர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நிமிஷம் சார். கதவச் சாத்துங்க. இப்பதான் ஆல்பம் விஷயத்துக்கு வந்திருக்கேன்."

"வெளிய வந்து சொல்லுங்களேன்."

"வெளிய வந்தா வராது."

"சாத்துங்க மாப்ளே, மனுஷன் பேசட்டும்" என்றார் மாமியார். கூடியிருந்த அத்தனை பேரும் அதையே சொன்னார்கள். மெக்கானிக் தன் கையாலேயே கதவைச் சாத்தினார்.

விஷயம் இதுதான். செயலாளரின் கல்யாணத்தில் படம் எடுத்தவன் அவருடைய மைத்துனன். ஆல்பத்தில் நூற்று நாற்பது படம். ஒன்றில்கூட மாப்பிள்ளை இல்லை. சமையல்காரர் இருக்கிறார், வாசலில் படுத்திருந்த நாய் நாலு படத்தில் இருக்கிறது. "இப்ப என் பொண்டாட்டியே சில சமயம் ஒரு மாதிரி பாக்கறா, நீங்க அன்னிக்கு வந்தீங்களாங்கற மாதிரி" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டபோது தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்த செயலாளர், மாமியாரைக் கையெடுத்துக் கும்பிட்டார். மெக்கானிக்கைப் பார்த்து, "கொஞ்சம் சீக்கிரம் தெறந்துட்டீங்க" என்றார்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது வினை. "சார், சும்மா ஒரு இருபது நிமிஷம் நிறுத்திக் குடுங்களேன்" என்று ஒவ்வொருவராக வந்தார்கள். தையல்காரர் வந்தார். இரண்டாம் மாடி நர்ஸ் வந்தாள். கட்டடத்துக்குச் சம்பந்தமே இல்லாத கூரியர்காரர்கூட, பார்சலைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றார். செயலாளர் நோட்டீஸ் ஒட்டினார்: ‘மாலை நாலு முதல் ஆறு வரை லிஃப்ட் பேசுவதற்கு மட்டும். மேலே போக விரும்புவோர் படிக்கட்டைப் பயன்படுத்தவும்.’

மெக்கானிக்தான் தினமும் நிறுத்தினார், இறக்கினார். லீவு முடிய ஒரு நாள் இருக்கையில், யாரும் வராத ஒரு இடைவெளியில், அவரே உள்ளே போய் நடுவில் நிறுத்தி உட்கார்ந்தார்.

"உள்ள யாரு?" என்றார் மாமியார்.

"நான்தான் அத்தை."

"சொல்லுங்க மாப்ளே. என்ன விஷயம்?"

மெக்கானிக் யோசித்தார். மனசுக்குள் என்னென்னவோ இருந்த மாதிரிதான் இருந்தது. வாயைத் திறந்தால், "இந்த லிஃப்ட் ஓடற தண்டவாளத்துக்கு எண்ணெய் பத்தல" என்றுதான் வந்தது. அதிலிருந்து பிரேக் லைனிங் தேய்மானத்துக்குப் போனார். அங்கிருந்து, எண்ணெய் டின்னைத் திறந்தபடியே வைத்துவிட்டுப் போகும் சக தொழிலாளி விஷயத்துக்கு வந்தார். அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்ததைக் கேட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மாமியார் நடுவில் ஒரு தடவை கொட்டாவி விட்டார். ஆனால் எழுந்து போகவில்லை.

பேசி முடித்துப் பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் அசையவில்லை. மறுபடி அமுக்கினார். தினமும் நடுவில் நிறுத்தி நிறுத்தி, இப்போது நிஜமாகவே கோளாறாகிவிட்டது.

மாமியார் கம்பெனிக்குப் போன் போட்டார்.

"அந்த ஏரியா மெக்கானிக் லீவுல இருக்காருங்க. நாளன்னிக்குதான் வருவாரு."

"அவர்தான் உள்ள மாட்டியிருக்காரு."

"அப்ப அவர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன் மேடம்" என்றது போனில் இருந்த குரல்.

சீஃப் எஞ்சினியரிடம் ஸ்பேனரைக் கொடுத்தால் அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டார். கடைசியில் மனைவிதான் மெஷின் ரூமுக்கு ஏறினாள். மெக்கானிக் உள்ளேயிருந்து கத்தினார். மாமியார் தையல்காரருக்கு, தையல்காரர் நர்ஸுக்கு, நர்ஸ் மாடிப்படி உச்சியில் நின்ற செயலாளருக்கு என்று சொல் ஏறிப்போனது. "மெயின் சுவிட்ச அணைச்சிட்டு, பிரேக்க மெதுவா விடு" என்று கிளம்பிய செய்தி, மேலே போய்ச் சேர்ந்தபோது, "மெயின் விஷயம், மனச மெதுவா விடு" என்று இருந்ததாம். மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. சுவரில் ஒட்டியிருந்த குறிப்பைப் படித்தாள். சுவிட்சை அணைத்தாள், நெம்புகோலைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். லிஃப்ட் நான்காம் மாடியில் பூப்போல வந்து நின்றது.

கதவு திறந்தபோது, மேலேயிருந்து இறங்கி வந்து, முழங்கை வரை கிரீஸோடு அவள் எதிரே நின்றிருந்தாள்.

"இவ்ளோதானா உங்க வேலை?" என்றாள். "நான் என்னமோன்னு நெனச்சேன்."