அண்ணியின் பவுடர்

மார்ச் 11, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு. பர்னரில் தீயைக் கூட்டி வைத்துவிட்டு, எதிர்மேசையில் அண்ணி என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை வேதியியல் வகுப்பில் முதலில் சேர்ந்தவள் நான். "நானும் வரேனே" என்று பின்னாலேயே வந்தவர் அண்ணி. சாயக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஓர் இடம் காலி. வகுப்பு எடுக்கும் சார் அதற்கு ஒரே ஒரு பெயரைத்தான் அனுப்புவார். அந்த வேலை எனக்கு வேண்டும்.

ஆளுக்குக் கொஞ்சம் பென்சாயிக் அமிலப் பவுடரைச் சுத்தம் செய்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து, எண்ணெயில் சூடாக்கி உருகுநிலை பார்த்தோம். உருகத் தொடங்குவதும் முடிவதும் நெருங்கி இருந்தால் பவுடர் சுத்தம். அண்ணிக்கு 121, 122 டிகிரி. எனக்கு 121-இல் தொடங்கி 127 வரை இழுத்தது.

எனக்கு வயிறு எரிந்தது. அண்ணி கை கழுவப் போன நேரத்தில் அவர் பவுடரில் ஒரு சிட்டிகை எடுத்து, என் எண்ணெய் ஆறியதும் அதில் வைத்துப் பார்த்தேன். அதுவும் 127. நேராகச் சாரிடம் போனேன்.

"சார், அண்ணியோட பவுடரும் சுத்தமில்ல."

சார் என் அளவுகளைப் பார்த்தார். "அழுக்கு இருந்தா சீக்கிரமே உருகும்மா. உனக்கு ரெண்டுமே மேல ஓடியிருக்கு. பவுடர் மேல பழி போடாதே, பர்னரைப் பாரு; பவுடர் உருகி முடிக்கிறதுக்குள்ள எண்ணெய் சூடேறிடுது. என்ன, பஸ்ஸைப் பிடிக்கணுமா?"

வகுப்பே சிரித்தது. தீயைக் குறைத்து, எண்ணெய் ஆறியதும் என் பவுடரை அவரே வைத்தார். 121, 122. என் பவுடரில் ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. கம்பெனிக்கு அண்ணியின் பெயரைத்தான் சார் அனுப்பினார்.

வீடு திரும்பும்போது அண்ணி கேட்டார்: "கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே. எதுக்குத் திருட்டுத்தனம்?"

"ரொம்ப நல்லவங்க மாதிரி பேசாதீங்க அண்ணி."

"யாரு நல்லவ? உன் பர்னர் தகதகன்னு எரிஞ்சதை அப்பவே பார்த்தேன். எனக்கும் அந்த வேலை வேணும். வாயை மூடிக்கிட்டேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆறுதல். அதுவும் சரியா என்று தெரியவில்லை. பொறாமை மட்டும் அப்படியே இருக்கிறது.

நாளை: பெயர் சொல்லாத பவுடர் தருவார்கள், உருகுநிலை பார்த்து எதுவென்று சொல்ல வேண்டும். முதல் முறை வேகமாக, தோராயத்துக்கு. எண்ணெய் ஆறிய பிறகு புதுக் குழாயில், மெதுவாக. சீக்கிரம் போய்ச் சுவரைப் பார்த்த மேசையைப் பிடிக்க வேண்டும்.